பல்ப்பர் அருகே சொன்ன வசவு

காலை பத்து ஐந்து. எஸ்டேட் ஆபீஸின் நீளமான அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது வெள்ளையனின் வலது மணிக்கட்டை. மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டிய காப்பு அதில் இருந்தது. கயிற்றின் நிறம் இன்னும் மங்கவில்லை. அந்தக் கையை அவர் மேசைமேல் வைக்காமல் மடியில் வைத்திருந்தார். எதிரே மேனேஜர். மேனேஜருக்கு அருகில் சேலத்திலிருந்து வந்திருந்த நிர்வாகத்தின் வக்கீல். மேசையின் தலைமாட்டில் விசாரணை அதிகாரி. வெளியே வராந்தாவில் காபிப் பழம் பறிக்கும் பெண்கள் சிலர், கூப்பிட்டால் சாட்சி சொல்வதற்காக நின்றிருந்தார்கள்.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர், அதை அவிழ்க்கும்வரை கெட்ட வார்த்தையை வாயில் எடுக்க மாட்டார். பொய்யும் சொல்ல மாட்டார். ஏற்காட்டு மலைக் கிராமமான செம்மநத்தத்தில் வெள்ளையன் வீட்டு வழக்கம் அது. அன்று அவரிடம் கேட்கப்படவிருந்த முக்கியமான கேள்வி, மேனேஜர் சொன்ன கெட்ட வார்த்தை என்ன என்பது. அதைச் சொல்லி நிரூபிக்காவிட்டால் அவருடைய வேலை போய்விடும்.

நான் அங்கே நிருபராகப் போகவில்லை. மொழிபெயர்ப்பாளனாகப் போயிருந்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு போன். நான் வேலை பார்த்த தினசரியின் சேலம் அலுவலகத்தில் இப்போது இருக்கும் இளம் நிருபர் கூப்பிட்டார். ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் வரவேற்பறை ஊழியரைத் திட்டியது வீடியோவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சார், அந்த வார்த்தைக்குத் தமிழ்ல என்னங்க சார் போடறது?"

"என்ன வார்த்தை?"

கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க வீடியோ பாருங்களேன் சார்" என்றார்.

"வீடியோ பாக்கறதுக்கு நான் எதுக்கும்மா? நீ சொல்லு."

சொன்னார். வேங்கர். எனக்கு முன்பே அறிமுகமான சொல்தான். "பேப்பர்ல ஒண்ணும் போட வேண்டாம். ஆனா அது என்னன்னு முழுசாத் தெரிஞ்சுக்கிட்டுப் போடாம இரு" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "தெரிஞ்சுக்கத்தானுங்க சார் கூப்பிட்டேன்" என்றார்.

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். வேங்கர் என்பதன் நேர்ப் பொருள், சுய இன்பம் செய்பவன். வசவாக வரும்போது அந்தப் பொருள் பின்னால் போய், உதவாக்கரை, தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்ளும் வெட்டிப் பேர்வழி என்ற பொருள் முன்னால் வருகிறது. சொல் எங்கிருந்து பிறந்தது என்று அகராதிக்காரர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடிப்பதைக் குறிக்கும் வட்டாரச் சொல் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஓர் ஊகம், ஆதாரம் கிடையாது. வாயில் நெடுங்காலம் புழங்கிய சொல் அச்சில் ஏறத் தாமதமாயிற்று. அச்சுக் கோப்பவர்களுக்கும் கூச்சம் உண்டு. அமெரிக்கர்கள் இதை அதிகம் சொல்வதில்லை. பிரிட்டிஷ்காரர்களின் வசவு இது. இன்னொன்றும் இருக்கிறது. இந்த வசவுக்குக் கையும் உண்டு. விரல்களை வளையமாக மடக்கி மணிக்கட்டை மேலும் கீழும் ஆட்டினால் போதும், வாயைத் திறக்கவே வேண்டாம். கால்பந்து மைதானங்களில் நடுவரைப் பார்த்து ரசிகர்கள் செய்வது இதைத்தான்.

இந்தக் கடைசி விவரம்தான் வெள்ளையன் விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

நான் தினசரியில் சேர்ந்தது பிழை திருத்துபவனாக. சில ஆண்டுகள் கழித்து, இங்கிலீஷ் கொஞ்சம் நன்றாகத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக ஏற்காட்டுக்கு நிருபராக அனுப்பினார்கள். எஸ்டேட் முதலாளிகள் இங்கிலீஷில் பேசுவார்கள், தொழிலாளர்கள் தமிழில் பேசுவார்கள், இரண்டையும் கேட்டு எழுத ஓர் ஆள் தேவை என்றார்கள். ஓய்வு பெறும்வரை மலையில்தான் இருந்தேன்.

செய்தி ஆசிரியர் சிதம்பரநாதன் என்னைவிட வயதில் சிறியவர். குரலை உயர்த்த மாட்டார். அதனாலேயே அவருடைய போன் வந்தால் எழுந்து நின்றுதான் எடுப்பேன். ஏற்காட்டின் ஒண்டிக்கடைச் சந்திப்பில் ஒரு லாட்ஜ்காரருக்கும் வேன் டிரைவருக்கும் நடந்த சண்டையைப் பற்றி ஒருமுறை எழுதி அனுப்பினேன். 'ஆபாச வார்த்தையால் திட்டினார்' என்று ஒரு வரி. உடனே போன் வந்தது.

"என்ன வார்த்தைங்க?"

"சொல்ல முடியாத வார்த்தைங்க."

"உங்களால சொல்ல முடியாததா, இல்ல உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாது. திரும்பப் போய்க் கேட்டேன். 'பஞ்சம் பொழைக்க வந்தவன்' என்பதுதான் அந்த வார்த்தை. கேட்டவருக்கு வலித்திருக்கிறது, ஆனால் அதில் ஆபாசம் இல்லை. சிதம்பரநாதன் அந்த வரியை அடித்துவிட்டு 'இழிவாகப் பேசினார்' என்று போட்டார். அதன்பின் எங்களுக்குள் ஒரு முறை ஏற்பட்டது. வசவு வரும் செய்தி எதுவாக இருந்தாலும் நான் அவரிடம் நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும். சொன்னவர் யார், யாரிடம், சுற்றி யார் நின்றார்கள், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. அசல் சொல்லை ஐந்தாவதாக, போனில் அவர் காதுக்கு மட்டும் சொல்ல வேண்டும். அது அச்சில் வராது. திட்டு வாங்கியவரையே அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்ல வைக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. "அவர் ஒரு தடவை வாங்கினது போதும். பக்கத்துல நின்னவனைக் கேளுங்க" என்பார்.

மலையில் இருந்த பழைய இங்கிலீஷ் வசவு பகர். முந்தைய தலைமுறை முதலாளிகள் நண்பர்களையும் நாய்களையும் மழையையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர்களுடைய கிளப்பில் ஒரு முதியவரின் இரங்கல் கூட்டத்தில் இன்னொரு முதியவர் அவரைப் 'பிரியமான பழைய பகர்' என்று சொல்ல, சேலத்திலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் போனில் இதைச் சொன்னதும் சிதம்பரநாதன் தன் பெரிய அகராதியை எடுத்து வாசித்தார். பல்கேரிய நாட்டான் என்பதுதான் மூலம். அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவக் கூட்டத்தைத் திருச்சபை மதத் துரோகிகள் என்று ஒதுக்கியது. துரோகி என்று பெயர் வந்தபின் அவர்கள்மேல் முறைகேடான உடலுறவுப் பழியும் விழுந்தது. நாட்டின் பெயர் பிரெஞ்சில் வசவாகி, இங்கிலீஷில் சட்டத்தின் குற்றப் பெயராகி, கடைசியில் கிளப்பில் பிரியமாகக் கூப்பிடும் பெயராகிவிட்டது. "இதுல எந்தப் பொருளைக் கேட்டு அவர் எழுந்து போனாருங்க?" என்று கேட்டார். நான் விசாரித்தேன். அந்த உறவினருக்குச் சொல்லே தெரியாது. இறந்தவரைப் பற்றிப் பேசும்போது பேசியவர் சிரித்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளையன் விஷயம் நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடையில் விசாரணைக்கு வந்தது.

எஸ்டேட்டின் பெயர் வேண்டாம். முதலாளியின் அண்ணன் மகன் பல வருடம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு மேனேஜராக வந்திருந்தார். பெங்களூர் ஹாஸ்டலில் படித்தவர். தமிழில் வேலை ஏவத் தெரியும், பேசத் தெரியாது. வெள்ளையன் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தைப் பல வருடமாகப் பார்த்து வந்தவர். அன்றன்று பறித்த பழத்தை அன்றே பல்ப்பரில் விட வேண்டும். விடாவிட்டால் குவியல் சூடேறிப் புளித்துவிடும், காபியில் அந்த வாடை போகாது.

அந்தக் கோடைக்கு முந்தைய டிசம்பரில் ஒரு மாலை. பழம் பறித்த பெண்கள் எடை போட வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் வெள்ளையனின் மருமகள் சித்ராவும் ஒருவர். வாய்க்காலில் தண்ணீர் குறைந்திருந்ததால் வெள்ளையன் பல்ப்பரை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் வந்து வேகத்தைக் கூட்டச் சொன்னார். "தண்ணி பத்தலீங்க. இதுக்கு மேல உட்டா கொட்ட வெட்டுப்பட்டுருமுங்க" என்றார் வெள்ளையன். மேனேஜர் அந்தச் சொல்லைச் சொன்னார். சொல்லிவிட்டு, எடை வரிசையின் பக்கம் திரும்பிச் சிரித்தபடி கையை ஆட்டிக் காட்டினார்.

சொல் யாருக்கும் புரியவில்லை. கை எல்லோருக்கும் புரிந்தது. வரிசையின் பின்னால் யாரோ சிரித்தார்கள். சித்ரா மூட்டையின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வெள்ளையன் மோட்டாரை நிறுத்தினார், வாய்க்காலில் கை கழுவினார், மேடேறி ஊருக்குப் போய்விட்டார். வேறு யாரும் அந்த இயந்திரத்தைத் தொட்டுப் பழகியதில்லை. அன்றைய பழம் முழுவதும் வீணாயிற்று.

நிர்வாகம் குற்றப் பத்திரம் கொடுத்தது. அனுமதியின்றி வேலையை நடுவில் விட்டுப் போனது, விளைச்சலைக் கெடுத்தது. தண்டனை பணி நீக்கமாக இருக்கும் என்பது தெரிந்தது. வெள்ளையனிடம் இருந்த ஒரே பதில், மருமகள் முன்னால் அப்படி அவமானப்பட்டபின் அங்கே நிற்க முடியவில்லை என்பது.

அந்தப் பதிலை எழுதித் தர அவர் போனது ஒண்டிக்கடையில் டைப் அடித்து மனு எழுதிக் கொடுக்கும் முருகேசனிடம். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருடைய தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வசவு பற்றிய மனு என்றால் தாயையும் பிறப்பையும் இழுக்கும் மூன்று தமிழ் வார்த்தைகள் அதில் இருக்கும். யார் யாரைத் திட்டியிருந்தாலும், எந்த ஊரில் திட்டியிருந்தாலும் அதே மூன்று, அதே வரிசையில். வெள்ளையன் நடந்ததைச் சொன்னதும் அவர் சலித்துக்கொண்டார்.

"ஏனுங்கண்ணா, இங்கிலீஷ்ல ஒரே ஒரு வார்த்தை, அப்புறம் கையாட்டுனாரு. இத வெச்சு என்னத்த எழுதறது? வலுப் பத்தாதுங்க. நான் எழுதற மாதிரி எழுதிக் குடுத்தர்றேன்."

"அவரு தமிழ்ல ஒண்ணும் சொல்லலீங்களே."

"மனுன்னா அப்பிடித்தானுங்கண்ணா. கையெழுத்துப் போடுங்க."

ஆபீசுக்குப் போகும் எழுத்து அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்து வெள்ளையன் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை அதிகாரியாக நிர்வாகம் நியமித்தவர், தொழிலாளர் சட்டம் தெரிந்த ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. நிர்வாகம் பணம் கொடுத்து அமர்த்தியவர் என்பதால் வெள்ளையன் தரப்பில் யாரும் அவரை நம்பவில்லை. மேனேஜரின் வாக்குமூலம் இங்கிலீஷில், வெள்ளையனுடையது தமிழில். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவர் சொன்னபோது, இரு தரப்புக்கும் தெரிந்த ஆளாக நான் இருந்தேன். சிதம்பரநாதனிடம் அனுமதி கேட்டேன்.

"போங்க. ஆனா மொழிபெயர்க்கப் போனா அந்தச் செய்தியை நீங்க எழுதக் கூடாது. ரெண்டு வேலையும் ஒரே ஆள் பாக்க முடியாது" என்றார். பிறகு, "எது சொன்னாலும் அப்படியே சொல்லுங்க. அவருக்கு உதவி பண்ணணும்னு கூட்டிடாதீங்க. பாவம்னு குறைச்சுடாதீங்க" என்றார்.

விசாரணை அதிகாரி ஆரம்பத்திலேயே முறையைச் சொல்லிவிட்டார். கேள்வியும் பதிலும் இரண்டு மொழியிலும் வாசிக்கப்படும். யார் எந்தக் காகிதத்தைத் தாக்கல் செய்தாலும் அது முழுவதும் தமிழில் வாசித்துக் காட்டப்படும். அதன் பிறகே பதிவாகும். வக்கீல் தலையாட்டினார்.

வக்கீல் நேராக மனுவை எடுத்தார்.

"வெள்ளையன், இது நீ குடுத்ததுதானே?"

"குடுத்தீங்களா என்று கேளுங்கள்" என்றார் விசாரணை அதிகாரி, தலையைத் தூக்காமல்.

"நீங்க குடுத்ததுதானே? இதுல மூணு வார்த்தை இருக்கு. மேனேஜர் உங்களைப் பார்த்து இந்த மூணு வார்த்தையும் சொன்னார், இல்லையா?"

வெள்ளையன் ஆமாம் என்று சொன்னால், தமிழே சரியாக வராத மேனேஜர் அந்த மூன்றையும் எப்படிச் சொல்லியிருப்பார் என்று வக்கீல் அடுத்துக் கேட்பார். இல்லை என்று சொன்னால், அவருடைய மனுவே பொய்யாகிவிடும். இது எனக்குத் தெரிந்தது. வெள்ளையனுக்கும் தெரிந்தது என்று அவர் முகம் சொன்னது. கை இன்னும் மடியிலேயே இருந்தது.

"இல்லீங்க" என்றார். "அதுல இருக்கற வார்த்த எதையும் அவரு சொல்லலீங்க. எழுதுனவரு போட்டுட்டாருங்க."

மொழிபெயர்த்தேன். வக்கீல் பேனாவை மூடினார்.

"அப்போ அவர் என்னதான் சொன்னார்? அதையாவது சொல்லுங்க."

"சொல்லமாட்டனுங்க."

"மாட்டீங்களா, முடியாதா?"

"காப்புக் கட்டியிருக்கறனுங்க. அந்த மாதிரி வார்த்த வாயில வராதுங்க."

"சரி, கையால ஏதோ செஞ்சார்னு சொல்றீங்களே, அதைச் செஞ்சு காட்டுங்க."

"இந்தக் கையிலீங்களா?" என்றார் வெள்ளையன்.

வராந்தாவில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். விசாரணை அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "காப்பு அவிழ்த்த பிறகு சொல்வீர்களா? வேண்டுமானால் ஒத்திவைக்கிறேன்" என்று கேட்டார். வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். ஒரு வாரத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லிக் கொடுக்கலாம் என்றார். ஆட்சேபத்தை நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் வெள்ளையனே பதில் சொன்னார்.

"ஒத்திவெக்க வேண்டாமுங்கம்மா. காப்ப அவுத்தாலும் மருமவ முன்னாடி அதச் சொல்ல மாட்டனுங்க. அதுக்குத்தான நான் வேலைய உட்டுட்டு ஊட்டுக்குப் போனதே."

சித்ராவைக் கூப்பிட்டார்கள். வந்து நின்றார். மேனேஜர் கையால் ஏதாவது செய்தாரா என்று அதிகாரி கேட்டார். "செஞ்சாருங்க." என்ன செய்தார்? சித்ரா தரையைப் பார்த்தார். "அத நான் எப்பிடிங்க செஞ்சு காட்டறது?" வக்கீல் அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்: என்ன செய்தார் என்று சாட்சியால் சொல்ல முடியவில்லை.

அந்த நிமிடத்தில் வெள்ளையனுக்கு வேலை இல்லை என்றே நான் நினைத்தேன். தன் மனு பொய் என்று சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்லவும் மறுத்துவிட்டார். எனக்கு அந்தச் சொல் என்னவென்று தெரியும். விசாரணைக்கு முன்பே வராந்தாவில் நின்ற இன்னொரு பெண்ணிடம் கேட்டு வைத்திருந்தேன், சிதம்பரநாதனின் முறைப்படி. அவர் சொல்லைத் தாறுமாறாகச் சொன்னார், கையை மட்டும் சரியாகக் காட்டிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். ஆனால் நான் சாட்சி இல்லை. மற்றவர் பேசினால்தான் நான் பேச முடியும்.

மேனேஜர் பேசினார். யாரும் கேட்காமலே.

"நான் சொன்னதைச் சொல்வதில் எனக்கு என்ன தயக்கம்? வேங்கர் என்று சொன்னேன். லண்டனில் நண்பர்கள் நாளைக்கு நாற்பது தடவை சொல்லிக்கொள்வார்கள். கேலிதான். இவர்கள் இங்கே இதைப் பெரிய குற்றமாக ஆக்குகிறார்கள்."

வக்கீல் அவர் முழங்கையைத் தொட்டார். ஆனால் தயாராகத்தான் வந்திருந்தார். சொல் வெளியே வந்தால் காட்டுவதற்கென்று ஓர் இங்கிலீஷ் அகராதியின் பக்கத்தைப் பிரதி எடுத்து வைத்திருந்தார். அதைத் தாக்கல் செய்தார். ஒரு வரியில் மஞ்சள் மை போட்டிருந்தது. இழிவானவன், திறமையற்றவன் என்ற பொருள் அதில் இருந்தது. திறமையற்றவன் என்று ஒரு மேலதிகாரி சொல்வது வேலை சம்பந்தமான கண்டிப்பு, ஆபாசம் அல்ல என்பது அவருடைய வாதம். அந்த வரியை மட்டும் தமிழில் வாசிக்கச் சொன்னார்.

நான் விசாரணை அதிகாரியைப் பார்த்தேன்.

"முழுவதும்" என்றார் அவர்.

"மேடம், சம்பந்தப்பட்ட வரியை மட்டும்..."

"தாக்கல் செய்தது முழுவதும். காலையிலேயே சொன்னேன்."

மஞ்சள் வரி இரண்டாவது பொருள். முதல் பொருள் அதற்கு மேலே இருந்தது. மூன்றாவதாக ஒரு சிறு குறிப்பு: பெரும்பாலும் கைச் சைகையுடன் சொல்லப்படுவது. சைகை எப்படி என்பதும் ஒரு வரியில் விவரிக்கப்பட்டிருந்தது. வராந்தா கதவு திறந்திருந்தது. சித்ரா இன்னும் அறைக்குள் நின்றிருந்தார். நான் அதிகாரியிடம், பெண்கள் வெளியே போனால் நல்லது என்றேன்.

அவர் சித்ராவைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளியே போய் இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

சித்ரா நிமிர்ந்தார்.

"அன்னிக்கு யாரும் எங்கள வெளிய போகச் சொல்லலீங்களே."

விசாரணை அதிகாரி என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். 'சுய இன்பம் செய்பவன்' என்று நேராகச் சொன்னேன். கொச்சையாகச் சொல்லவில்லை, பூசி மெழுகவும் இல்லை. இரண்டாவது பொருளைச் சொன்னேன். பிறகு சைகையைப் பற்றிய வரி. விரல்களை மடக்கி, மணிக்கட்டை ஆட்டி. என் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்ததாக நினைக்கிறேன். வெள்ளையன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜருக்குத் தமிழ் முழுவதும் புரிந்திருக்காது. ஆனால் சொல்லும் அவருக்குப் பழக்கம், வராந்தாவில் இருந்த முகங்களும் அவருக்குத் தெரிந்தன. முதல் முறையாக அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

விசாரணை அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். "முதல் பொருள் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆனால் யாரும் அந்த அர்த்தத்தில்..."

"தெரியுமா என்று மட்டும் கேட்டேன். இந்தக் குறிப்பில் உள்ள சைகையைச் செய்தீர்களா?"

வக்கீல், பதில் சொல்லத் தேவையில்லை என்றார். மேனேஜர் பெண்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"செய்திருக்கலாம்."

"ஆமாம் என்று எழுதவா, இல்லை என்று எழுதவா?"

மேனேஜர் அகராதிப் பிரதியை வக்கீல் பக்கம் தள்ளி வைத்தார்.

"நீங்கள் எழுதுவதை எழுதிக்கொள்ளுங்கள்."

"நீங்கள் சொல்வதைத்தான் நான் எழுத முடியும்."

"ஆமாம்" என்றார் மேனேஜர்.

அதைத் தமிழில் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை. வெள்ளையன் என்னைத் திரும்பிப் பார்த்தார், "அவரே சொன்னாருங்களா?" என்று கேட்டார். அவரே சொன்னார் என்றேன். அந்தக் கேள்வியும் பதிலும்கூடப் பதிவாயின.

திருவிழா முடிந்த பிறகு விசாரணை அதிகாரியின் அறிக்கை வந்தது. வெள்ளையனிடம் இருந்த பிரதியை நான் படித்துக் காட்டினேன். வேலையை நடுவில் விட்டுப் போனது நிரூபணமாகியிருக்கிறது. ஆனால் அதற்கு முன் மற்றவர் முன்னிலையில் ஆபாசமாக அவமதிக்கப்பட்டதும் நிரூபணமாகியிருக்கிறது. மனுவில் இருந்த மூன்று வார்த்தைகளைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார். தனக்குச் சாதகமாக இருந்த பொய்யைத் தானே மறுத்தவர், மற்றதில் பொய் சொல்லியிருப்பார் என்று கருத இடமில்லை என்றது அது. பணி நீக்கம் கூடாது, எச்சரிக்கை போதும் என்று பரிந்துரை. நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. முதலாளியின் வற்புறுத்தல் அதில் இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன், உறுதி செய்யவில்லை.

சிதம்பரநாதன் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எழுத வேறு ஆளை அனுப்பினார். செய்தி உள்பக்கத்தில் சிறியதாக வந்தது. 'சைகையால் அவமதித்ததை ஒப்புக்கொண்டார்' என்று இருந்தது. சொல் இல்லை. முருகேசனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "அந்த மூணும் இல்லாம கேசு எப்பிடிங்க நின்னுச்சு?" என்று கேட்டார். இன்றும் அவர் மனுக்களில் அந்த மூன்று வார்த்தைகள் இருக்கின்றன.

இதையெல்லாம் போனில் கேட்ட இளம் நிருபர், அந்த மேனேஜர் மன்னிப்புக் கேட்டாரா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். வெள்ளையன் மறு அறுவடைக்குப் பல்ப்பருக்குத் திரும்பினார்; ஓய்வு பெறும்வரை அங்கேதான் வேலை பார்த்தார். அந்த வருடங்களில் மேனேஜர் அவரைத் திட்டவும் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. கையைத் தட்டிக் கூப்பிட்டார்.